புழு தின்ன வந்த மாப்பிள்ளை

கடலே இல்லாத மாத்தளையில் கடல் மீன் வளர்ப்பது கிறுக்குத்தான். அப்துல் ஸமதுக்கு அந்தக் கிறுக்கு முற்றிப்போயிருந்தது. சண்டை நிறுத்தம் வந்து திருகோணமலைப் பாதையில் கெடுபிடி குறைந்ததும், மீன் லொறி ஓட்டும் ஜுனைதீனிடம் சொல்லிக் கேன் கேனாகக் கடல் தண்ணீரும் பவளம் ஒட்டிய முருகைக்கல்லும் வரவழைத்து, அலுவிகாரையிலிருந்த தன் வீட்டு முன்கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்துவிட்டார். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் சந்தேகப்பட்டு, கேனைத் திறந்து வாய் நிறையக் குடித்துப் பார்த்தானாம். அதன் பிறகு அந்தக் கேன்களை யாரும் தொடுவதில்லை.

கல்லோடு தட்டைப்புழுவும் வந்து சேர்ந்தது. எள்ளளவு பழுப்புப் புழு. கண்ணாடி, கல், பவளம் என்று எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. ஸமத் ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தார். வாளிக்குள் போனதைவிட அவர் வயிற்றுக்குள் போனதுதான் அதிகம்.

அதைப் பார்த்த மனைவி றாபியா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "நோன்புப் பெருநாளைக்கு வீட்டுக்கு ஆக்கள் வருவாங்க. அதுக்குள்ள இந்தப் புழு போகணும். இல்லாட்டித் தொட்டியத் தூக்கி ரோட்டுல வச்சிருவேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். ஸமத் ஜுனைதீனைத் தேடிப் போனார்.

ஜுனைதீன்தான் வழி சொன்னான். "கவலைய விடுங்க காக்கா. உடம்புல ஆறு கோடு ஓடுற சின்ன மீன் ஒன்னு இருக்குது. புழுவக் கண்டா விடாது."

அடுத்த லொறியில் மீன் வந்தது. தொட்டியில் விட்ட கையோடு, றாபியா இறாலைப் பொடியாக நறுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்ன றாபியா செய்ற? அது புழு தின்ன வந்தது!" என்று பதறினார் ஸமத்.

"புது மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்குது. வந்த வாய்க்குப் புழுவையா குடுக்குறது? எங்க உம்மா என்ன அப்படியா வளத்தாங்க?"

கல்யாணமான புதிதில் ஸமதையும் அந்த உம்மா வீட்டில் இப்படித்தான் ஊட்டி ஊட்டி ஒரு வேலைக்கும் ஆகாதவராக்கியிருந்தார்கள். மீனும் அதே வழியில் போனது. மூன்று வேளையும் இறால். வயிறு தள்ளி, புழுக்களுக்கு நடுவே முதலாளி மாதிரி உலாவியது. புழுவோ பெருகிக்கொண்டே போனது. இறாலையும் நிறுத்த மாட்டாள், பெருநாள் கெடுவையும் தளர்த்த மாட்டாள். இதில் என்ன நியாயம் என்று அவளிடம் கேட்கும் துணிச்சல் மாத்தளை மாவட்டத்தில் எவனுக்கும் இல்லை.

நோன்பு மாதம் பிறந்தது. பகலில் அடுப்பு எரியவில்லை. பொழுது சாய்ந்து பாங்கு கேட்டு, நோன்பு திறந்து, கஞ்சி குடித்துவிட்டு றாபியா இறாலோடு வரும்போது மீன் கல்லிடுக்கில் தூங்கிப்போயிருக்கும். பகலெல்லாம் அதற்குப் பசி. ஒரு நாள் அது ஒரு புழுவை முறைத்தது. கொத்தியது. துப்பியது. மறுபடி கொத்தியது. அப்புறம் நிறுத்தவே இல்லை.

நாக்கு வறண்ட ஸமத் தினமும் அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்தார். அந்த வீட்டில் பகலில் சாப்பிட்டது அது ஒன்றுதான். பசி மயக்கத்தில் அவருக்கே அந்தப் புழு ருசியாக இருக்கும் போலத் தோன்றியது.

பெருநாள் காலையில் கண்ணாடி பளபளத்தது. றாபியா குனிந்து நாலா பக்கமும் பார்த்துவிட்டு, "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். ஸமதுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

பெருநாள் இறாலை அவள் முதலில் மீனுக்குத்தான் போட்டாள். அது வாயில் வாங்கித் துப்பியது. இன்னொரு துண்டு போட்டாள். அதையும் துப்பியது. றாபியாவின் முகம் சுருங்கிப்போனது. நல்ல நாளும் அதுவுமாகத் தன் வீட்டில் ஓர் உயிர் பட்டினி கிடப்பதா?

புருஷனை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இங்க பாருங்க, ஜுனைதீனுக்கு ஒரு போன் எடுத்து, வர்ற லொறியில கொஞ்சம் புழு அனுப்பச் சொல்லுங்க."