தறிச் சத்தம் இல்லாத மலை

பதினெட்டு வருஷம் நானும் நெட்டையனும் பக்கத்துப் பக்கத்துத் தறி ஓட்டியிருக்கிறோம். மில்லுக்குள் விசைத்தறிகள் போடும் இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவனுக்கு எட்டாது. அதனால் எங்களுக்குக் கைதான் வாய். மூக்கைத் தொட்டால் மேஸ்திரி வருகிறார். தோளில் இரண்டு தட்டு தட்டினால் டீ. மேஸ்திரியின் நடையை அவன் விரலாலேயே நடித்துக் காட்ட, நான் சிரித்துச் சிரித்து நூலை அறுத்துத் தொலைத்திருக்கிறேன். வெளியே டீக்கடையில்கூடக் காது இரைந்துகொண்டே இருக்கும். அங்கேயும் கையாலேயே பேச்சு.

போன மாதம் மில்லை மூடிவிட்டார்கள். எனக்கு மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு அறை உள்ள வீட்டில் நான் ஒரே ஆள். பேச நாதியில்லை. அவனோ கல்யாணமே வேண்டாமென்று லாட்ஜில் கிடக்கிறவன். 'என்னோடு வந்து இருடா' என்று கேட்டுவிடத்தான் அவனை இந்த மலைக்கே கூட்டி வந்தேன். நேற்று அடிவாரத்தில் கூடாரம் அடித்தோம். இன்று காலை உச்சிக்கு நடக்கக் கிளம்பினோம்.

கிளம்பிய பிறகுதான் சனியன் பிடித்தது. மலையில் சத்தமே இல்லை. ஒற்றையடிப் பாதை வேறு. அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கையை ஆட்டி என்ன பிரயோஜனம்? வாயால்தான் பேசியாக வேண்டும்.

"வெயில் ஏறுதில்ல?" என்றான்.

"ஆமா. ஏறுது."

அரை மணி நேரம் கழித்து, "காத்து நல்லா வருது" என்றேன்.

"ம்."

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஆளிடம்கூட இதைவிட நன்றாகப் பேசுவேன். எரிச்சல் எரிச்சலாக வந்தது. அவன் மேல் இல்லை, என் மேல்தான்.

உச்சியில் ரொட்டியைப் பிய்த்துத் தின்னும்போது கேட்டேன். "இனிமே என்னடா பண்ணப் போற?"

"தங்கச்சி வீட்டோட வந்துடுன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. பாப்போம்."

இன்னும் முடிவு பண்ணவில்லை. அந்த 'பாப்போம்' போதும் எனக்கு. வாயைத் திறந்தேன். "ரொட்டியில உப்பே இல்ல" என்றுதான் வந்தது. ஐம்பத்தாறு வயசுக்கு வெட்கக்கேடு.

வேறு பாதையில் இறங்கினோம். வழியில் ஓர் அருவி. அப்பப்பா, என்ன இரைச்சல்! நெட்டையன் சட்டென்று என் பக்கம் திரும்பினான். முகம் மலர்ந்திருந்தது, கை தானாக எழுந்திருந்தது. பாறையில் தட்டுத்தடுமாறி இறங்கிய ஒரு குண்டு மனிதரைக் காட்டி, 'நம்ம மேஸ்திரி நடை' என்று விரலாலேயே சொன்னான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என் முட்டிவலி, அவன் சைக்கிளை விற்றது, லாட்ஜ் மூட்டைப்பூச்சி என்று கால் மணி நேரம் கை ஓயவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

இதை விட்டால் வேறு நேரமில்லை. அவன் முகத்துக்கு நேராகப் போய் நின்றேன். நீ. நான். ஒரே வீடு. என்னோடு வந்து இரு. ஒன்றுக்கு இரண்டு முறை நிதானமாகக் காட்டினேன்.

அவன் கண் என் கையிலேயே இருந்தது. புரிந்துவிட்டது. பதினெட்டு வருஷம் பார்த்த முகம், எனக்குத் தெரியாதா? ஆனால் உள்ளங்கையைக் குவித்துக் காதருகே வைத்துக்கொண்டான்.

"கேக்கலடா! என்ன சொல்ற?" என்று கத்தினான்.

"ஒண்ணுமில்ல! வழுக்கும், பாத்துப் போ!" என்று நானும் கத்தினேன்.