நான் வெட்டிய பதினோரு நொடிகள்

மாஜிதாவின் கதைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்றைத் தவறாமல் சொல்வார்கள். ஒரு சொல்கூட அதிகமில்லை.

அவள் இறந்து மூன்று வருடம் ஆகிறது. தொகுப்பு நான்காம் பதிப்புக்கு வந்துவிட்டது. ஒரு கல்லூரியில் பாடமாக வைத்திருக்கிறார்கள். புளியரையில் காரை நிறுத்தி, அவள் கதைகளில் வரும் கேரள எல்லைச் சாவடி இதுதானா என்று பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதையொட்டி அவள் வாப்பா டீக்கடை வைத்திருந்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகிற லாரி டிரைவர்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள்.

நான் அவள் கணவன்.

அவள் எதையும் கையால் எழுதவில்லை. சொன்னாள். தென்காசி வீட்டில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே போனில் பேசிப் பதிவு செய்வாள். வாட்ஸ்அப்பில் எனக்கு வரும். அப்போது நான் தோஹாவில் ஒரு சைட் ஆபீசில் இருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, தட்டச்சு செய்து பத்திரிகைகளுக்கு அனுப்புவேன்.

அவள் குரலில் கதை மட்டும் வராது. "ஏ கோழி, போ அங்கிட்டு." "உம்மா, கேஸ அமத்து." "மச்சான், எனக்கு கண்ணாடி மாத்தணும்." கதைக்கு வேண்டியதை வைத்துக்கொள்வேன். மற்றதை விட்டுவிடுவேன். ஒரு சொல்கூட அதிகமில்லை என்று அவர்கள் புகழ்வது என் வேலையை.

குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் வருடாவருடம் அவளுக்கு ஒரு கூட்டம் நடக்கும். நடத்துகிறவர் பேச்சிமுத்து அண்ணாச்சி. பாவூர்சத்திரத்தில் காய்கறி கமிஷன் கடை வைத்திருக்கிறார். போன மாதம் போன் செய்தார்.

"தம்பி, இந்த வருசம் அந்தத் தங்கச்சி குரல ஒரு அஞ்சு நிமிசம் போட்ருவோம். எல்லாரும் படிச்சிருக்காங்க, யாரும் கேட்டதில்லலா. கடேசிக் கதய போடும்."

மறுக்கக் காரணம் தோன்றவில்லை. சரி என்றேன்.

கடைசிக் கதைதான் அதிகப் பேர் படித்தது. கொரோனா காலம். லாரியோடு டிரைவர் எல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்கிறான். மனைவி தினமும் சாவடி வரைக்கும் வந்து தூக்குவாளியில் சோறு கொடுத்தனுப்புகிறாள். ஒருநாள் வாளி கழுவப்பட்டுத் திரும்பி வருகிறது. அவ்வளவுதான் கதை.

அதன் முதல் பதிவில், நான்காவது நிமிடத்தில், பதினோரு நொடிகள் இருக்கின்றன.

"மச்சான், காலைலேர்ந்து நெஞ்சு அமுக்குது. இடது கை மரத்த மாரி இருக்கு. உம்மாட்ட சொல்லல, பயந்துரும். நீங்க ஒரு போன் போடுங்க. ம்... எங்கன விட்டேன்?"

காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது. விழுந்தது. கதையில்லை என்று தாண்டிப் போனேன். சாயந்திரம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயந்திரம் ஓவர்டைம். மறுநாள் காலை அவள் இல்லை. அடக்கம் முடிந்த பிறகு ஊர் வந்து சேர்ந்தேன். அவளுக்கு இருபத்தொன்பது வயது.

கூட்டத்துக்காக அந்தப் பதிவை லேப்டாப்பில் போட்டுச் சுத்தம் செய்தேன். கோழியை வெட்டினேன். கேஸை வெட்டினேன். அந்தப் பதினோரு நொடியை வெட்டினேன். இரண்டாம் முறை வெட்டும்போது கை இன்னும் சுலபமாக ஓடியது.

மாஜிதாவின் உம்மா, என் மாமி ஜாஹிரா பீவி, எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. இந்த முறை தானாகவே கிளம்பினார். தென்காசி பஸ் ஸ்டாண்டில் குற்றாலம் பஸ் ஏறினோம். சாரல் விழுந்ததால் ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.

"மருமவனே, எனக்கு அவ கத ஒண்ணும் தெரியாது. படிக்கத் தெரிஞ்சால்லா. குரலக் கேக்கத்தான் வாரேன்."

"சரி மாமி."

"நடுவுல நான் கூப்புடுவேன். 'சும்மா கெட உம்மா, கத ஓடுது'ன்னு வைவா. அது இருக்கும்லா?"

நான் டிக்கெட் எடுக்கக் கண்டக்டர் பக்கம் திரும்பினேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். "நல்லா வைவா" என்றார்.

பென் டிரைவில் வெட்டிய பதிவு இருந்தது. வெட்டாதது போனில் இருந்தது. பழைய குற்றாலம் போகிறவர்கள் துண்டும் எண்ணெய்ப் புட்டியுமாக நெருக்கியடித்து நின்றார்கள். இறங்கும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

மண்டபத்தில் அறுபது பேர் இருக்கும். மாமியை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அண்ணாச்சி பென் டிரைவுக்குக் கை நீட்டினார்.

"இல்லண்ணாச்சி. போன்லேர்ந்து போடுவோம்."

"எதுவோ ஒண்ணு. சத்தம் வந்தா சரி."

மாஜிதாவின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. பின்னால் பீடி இலை வெட்டும் கத்தரிச் சத்தம். கோழியை விரட்டியபோது எல்லோரும் சிரித்தார்கள். "சும்மா கெட உம்மா" வந்ததும் மாமி திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். "என்னையத்தான்" என்றார். மறுபடி சிரிப்பு.

நான்காவது நிமிடம் வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அவள் எங்கன விட்டேன் என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள். கதை பாதியில் நிற்கப் பதிவு முடிந்தது. அண்ணாச்சி மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து நின்றார்.

மாமி என்னைப் பார்த்தார். "இதக் கேட்டுட்டு நீங்க என்ன சொன்னிய?"

"வெள்ளிக்கெழமைக்குள்ள மீதி வேணும்னு அனுப்புனேன் மாமி."

"போன் போடலியா?"

"போடல."

மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "மீதிய அனுப்புனாளா?"

"அன்னைக்கு சாயந்திரமே."

"போடுங்க."

ஆறு நிமிடம். கதை நேராகப் போனது. கோழி இல்லை, கேஸ் இல்லை, உம்மா இல்லை. தூக்குவாளி கழுவித் திரும்பி வந்தது. முடிந்தது.

"கத்தரி சத்தமே இல்லியே" என்றார் மாமி. "கை ஓடல அவளுக்கு."

மூன்று வருடத்தில் அதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கத்தரியை நான் கவனித்ததில்லை.

"இதுக்கு என்ன சொன்னிய?"

அதற்கு நான் அனுப்பிய செய்தி போனில் அப்படியே இருக்கிறது. அவள் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீல டிக். அதற்கு மேல் அவளிடமிருந்து எதுவும் இல்லை. மாமியிடம் நீட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வாசித்தேன். அண்ணாச்சியின் கையிலிருந்த மைக் அணைக்கப்படாமல் இருந்தது.

"இப்பதான் சரியா சொல்லுத. வெட்ட ஒண்ணுமே இல்ல."