கடையாணி

என் வண்டிக் கம்பெனிக்கு வயது மூன்று மாதம். ஐந்து மாட்டுவண்டி, ஐந்து வண்டிக்காரர்கள், ஒரு சாட்டை. "இத்ரூஸ் முதலாளி கேட்டா மட்டும் பேசணும், இல்லாட்டி வாயைப் பொத்திக்கணும்." நான் போட்ட முதல் சட்டம் இது. அதற்குப் பெயர் தலைமை என்று நம்பிய முட்டாள் நான்.

லுணுகலைத் தோட்டத்துத் துரை ஒரே ஒரு தடவை பார்க்கிறேன் என்றார். தேயிலைப் பெட்டிகள் சொன்ன நாளில் பண்டாரவளை மத்தியான ரயிலில் ஏறினால் வருஷம் முழுக்க எனக்கு வேலை. ஏறாவிட்டால் வேலை அதுவரை தோட்டத்துக்கு ஓட்டிய பழைய வண்டிக் கூட்டத்துக்கே. அந்தக் கூட்டத்தை விட்டு என்னிடம் வந்தவன் மாரிசாமி.

பயணத்தின் கடைசி நாள் விடிந்தபோது, பெட்டிகளோடு பாதையோரம் நிறுத்தியிருந்த ஐந்து வண்டிகளிலும் கடையாணிகளைக் காணோம். கடையாணி இல்லாமல் உருட்டினால் சக்கரம் கழன்றுவிடும். மாரிசாமி என்னை நோக்கி வந்தான். மடி கனத்துத் தொங்கியது. உள்ளே இரும்பு கிணுகிணுத்தது.

"துரோகி!" சாட்டைக் கம்பைத் திருப்பிப் பிடித்து அடித்தேன். தடுத்த கை முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தவனை உதைத்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை. மற்ற நாலு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் மேட்டிலிருந்து பழைய கூட்டம் தடிகளோடு இறங்கியது. ஒருவன் என் தோளில் ஒன்று போட்டான். நாலு பேர் முதல் வண்டியைப் பாதையோரப் பள்ளத்தை நோக்கித் தள்ளினார்கள். ஒரு முழம்தான் நகர்ந்தது. சக்கரங்கள் கழன்று வண்டி தரையில் உட்கார்ந்துவிட்டது. அடியில் ஒருவன் கால் நசுங்கி அலறினான். இரண்டாவது வண்டியும் அப்படியே. எங்கள் ஆட்கள் கல்லெடுத்து மண்டைகளை உடைத்தார்கள். வந்தவர்கள் கால் நசுங்கியவனை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு பெட்டிகூடப் பள்ளத்துக்குப் போகவில்லை.

மாரிசாமியைப் பார்த்தேன். ஆணிகள் இருந்திருந்தால் ஐந்து வண்டியும் பள்ளத்தில் கிடந்திருக்கும்.

"மாட்டைப் பூட்டுங்கடா" என்றேன். ஒருவனும் அசையவில்லை. சாட்டையை மாரிசாமியிடம் நீட்டினேன்.

"அடி."

இடக்கையால் வாங்கினான். ஒப்புக்கு அடிப்பான் என்று நினைத்தேன். என் காது கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. அப்போதும் அவன் பேசவில்லை. என் சட்டம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"அவனுங்க வர்றது தெரிஞ்சும் ஏன் சொல்லலே?"

"நேத்துச் சாயங்காலம் கடையில அவங்க பேசினது காதுல விழுந்துச்சு. விடிஞ்சதும் சொல்லத்தான் வந்தேன். நீங்க கேக்கலியே."

"இனிமே கேக்காமலே பேசு. எல்லாரும் பேசுங்க."

மடியை அவிழ்த்துக் கடையாணிகளைக் கொட்டினான். "அப்ப சொல்றேன், முதலாளி. ரயிலுக்கு நேரமாச்சு. சக்கரத்தைத் தூக்குங்க."

குனிந்து தூக்கினேன். அதற்குப் பிறகுதான் மற்ற நாலு பேரும் வந்தார்கள்.