பதினாலாவது கேள்வி

நாலாம் நம்பர் படுக்கைக்காரர் இன்னும் வரவில்லை. அவருடைய தாள் மட்டும் பூர்த்தியாகிவிட்டது.

டயாலிசிஸ் பிரிவில் அவளை 'எழுதுற சிஸ்டர்' என்பார்கள். ஊசி குத்துவதும் மெஷினைப் பார்த்துக்கொள்வதும் மற்றவர்கள் பாடு. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அதோடு கூடவே வந்து சேரும் தொல்லைகளைப் பற்றிப் பெரிய டாக்டர் ஓர் ஆய்வு நடத்துகிறார். அதற்காக, வருகிறவர்களிடம் ஒவ்வொரு தடவையும் பத்தொன்பது கேள்வி கேட்டு எழுதுவது அவள் வேலை. அரிப்பு உண்டா, கால் இழுக்கிறதா, தூக்கம் எப்படி, பதினாலாவதாக நெஞ்சுவலி உண்டா. கேட்கிறவளுக்கே சலித்துப்போகும், நாலு மணி நேரம் குழாய்களோடு கிடக்கிறவர்களைச் சொல்லவே வேண்டாம்.

நாலாம் நம்பருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "ஒண்ணுமில்லம்மா." இரண்டு மாதம் கேட்டுப் பார்த்தாள். அப்புறம் அவர் வருமுன்பே எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டு, அன்றைய தேதியையும் அவர் வழக்கமாக வரும் நேரத்தையும் எழுதி வைத்துவிட்டு, வந்ததும் "ஒண்ணுமில்லதானே?" என்று கேட்க ஆரம்பித்தாள். அவரும் சிரித்தபடி தலையாட்டுவார். போன தடவை மட்டும் தலையாட்டாமல், "அம்மா, ஒரு நிமிஷம்" என்றார். "இதோ வந்துட்டேன்" என்று ஆறாம் நம்பரிடம் போனவள், போனவள்தான்.

பதினோரு மணிக்கு அவர் மனைவி மட்டும் வந்தாள். கையில் அவருடைய போர்வைப் பை.

"சட்டை மாட்டிக்கிட்டு இருந்தவரு அப்படியே உக்காந்துட்டாரு சிஸ்டர். கீழ அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தோம். எட்டரைக்கே எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னுட்டாங்க." அந்த அம்மாள் அழவில்லை. "ஒரு வாரமா நெஞ்சு வலிக்குதுன்னாரு. வாங்க டாக்டர்கிட்ட போலாம்னேன். எழுதுற சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன், அவங்க எழுதிக்கிட்டாங்கன்னாரு. எழுதினீங்கல்ல? எங்கன்னு காட்டுங்க. அது போதும் எனக்கு."

சிஸ்டர் ஃபைல் அலமாரியைத் திறந்தாள். தன்னிடம் சொல்லிவிட்டதாக ஏன் சொன்னார்? மனைவியைச் சமாதானப்படுத்தவா? அந்த ஒரு நிமிஷத்தில் சொல்ல வந்தது இதுதானா? இனி யாரைப் போய்க் கேட்பது?

அவருடைய ஃபைலை எடுத்தாள். மேலாக இன்றைய தாள். அதை உருவி மேஜைக்குள் தள்ளிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த அம்மாள் எதிரே நிற்கும்போது கை வரவில்லை. அப்படியே நீட்டினாள்.

அந்த அம்மாள் பையிலிருந்து அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். விரல் வரிவரியாக இறங்கிப் பதினாலில் நின்றது. பிறகு மெல்ல மேலே ஏறி, தேதியில் நின்றது. பக்கத்திலேயே நேரம்: ஒன்பதரை.

நிமிர்ந்த முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"இன்னைக்கு இங்க வந்தாரா சிஸ்டர்?" குரல் தணிந்திருந்தது. "ஒன்பதரைக்கு... வலி இல்லைன்னாரா?"

அந்த அம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நாலாம் நம்பர் படுக்கையருகே போய், பையிலிருந்த போர்வையை எடுத்து விரித்து, கால் பக்கம் குளிராதபடி இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.