முக்காதன் நிரப்பிய கோப்பை

திரையில் 'முக்காதன்' என்ற பெயரைப் பார்த்ததும் என் கையிலிருந்த பவுர்சாக், எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை, தேநீருக்குள் விழுந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆன்லைன் போக்கர் பந்தயத்தில் நாற்பது பேராகத் தொடங்கி இரண்டு பேர் மிஞ்சியிருந்தோம். எங்கள் ஏரிக்கரையை நினைத்து வைத்த 'உப்புக்கரை' என்ற பெயரில் நான். எதிரே முக்காதன்.

அந்தப் பெயரை உலகத்தில் ஒருவன்தான் வைத்துக்கொள்ள முடியும். ஏனென்றால் அதை வைத்தவள் நான். எங்கள் வழக்கப்படி வீட்டுக்கு வந்த மருமகள் புருஷன் பெயரைச் சொல்லலாம், அவர் வீட்டாரின் பெயரைச் சொல்லக் கூடாது. ஆளுக்கொரு பட்டப்பெயர்தான். என் கொழுந்தனுக்கு அப்போது பதினாறு வயது. நான் வந்த முதல் வாரமே கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டு மாட்டிக்கொண்டான். "ரெண்டு காது பத்தலையா, முக்காதா?" என்றேன். பெயர் நிலைத்துவிட்டது.

மூன்று வருஷமாக அவன் எங்கிருக்கிறான் என்றே தெரியாது.

மாமனார் இறந்தபோது பனிப்புயலில் ரயில் நின்றுபோய், அடக்கம் முடிந்த மறுநாள்தான் வந்து சேர்ந்தான். அவனுடைய அண்ணன், என் புருஷன் எர்போல், வாய்க்கு வந்தபடி பேசினார். அவன் காலிக் கோப்பையை என்னிடம் நீட்டினான். ஊற்றினேன். விளிம்புவரை ஊற்றிவிட்டேன்.

அரைக் கோப்பைதான் மரியாதை. குடித்துவிட்டு மறுபடி நீட்டு, இன்னும் கொஞ்சம் இரு என்று அர்த்தம். நிறைத்துக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அன்று என் கண் நிறைந்திருந்ததில் கோப்பை நிறைந்தது தெரியவில்லை. அவன் கோப்பையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஒரு வாய்கூடக் குடிக்காமல் எழுந்து போனான். போன் எண்ணையும் மாற்றிவிட்டான். "அவன் பேரை இந்த வீட்டுல எடுக்காதே" என்று எர்போல் அன்று சொன்னதோடு சரி.

இப்போது என் கைப்பேசிக்குள், பச்சை மேசைக்கு அந்தப் பக்கம் அவன். பேசும் கட்டத்தில் வழக்கம்போல வாயாடிக்கொண்டிருந்தான்.

"உப்புக்கரை, முழிச்சிருக்கீங்களா? இல்ல ஏரியோட சேந்து நீங்களும் உறைஞ்சிட்டீங்களா?"

'நான்தாண்டா அண்ணி' என்று தட்டினேன். அழித்தேன். ஒரு மணி நேரத்தில் நாலு தடவை தட்டி நாலு தடவை அழித்தாயிற்று. சொன்னால் எழுந்து போய்விடுவான், எழுந்து போகிறவன்தானே. ஒருவருடைய பந்தய வில்லைகள் தீர்ந்தாலும் ஆட்டம் முடிந்து மேசையே மறைந்துவிடும். அதனால் ஜெயிக்கவும் மனமில்லை, தோற்கவும் மனமில்லை. சின்னச் சின்னதாகப் பந்தயம் கட்டி இழுத்துக்கொண்டிருந்தேன்.

சோபாவிலிருந்து எர்போல் அரைத் தூக்கத்தில் கேட்டார். "இன்னுமா முடியல? எதிர்ல எவன்?"

"எவனோ வாயாடிங்க. நீங்க தூங்குங்க."

ஜன்னலுக்கு வெளியே பல்காஷ் ஏரியும் வானமும் ஒரே வெள்ளை. உருக்காலைப் புகைபோக்கி பாதி வரைதான் இருந்தது; மீதியை மூடுபனி தின்றிருந்தது. எங்கோ பனிக்கட்டி விரிசல்விட்டு நீளமாக முனகியது.

மேசையில் ஐந்தாவது சீட்டு விழுந்தது. அந்தக் கடைசிச் சீட்டை ஆட்டக்காரர்கள் 'ஆறு', அதாவது நதி, என்பார்கள். ராஜா, ஜாக்கி, ஏழு, நாலு, இப்போது இரண்டு. என் கையில் இன்னொரு ஏழு. ஒரே ஒரு ஜோடி, அவ்வளவுதான்.

முக்காதன் தன்னிடமிருந்த அத்தனை வில்லைகளையும் நடுவே தள்ளினான். என்னிடம் அதைவிட ஒரு பிடிதான் கூடுதல். திரையில் இரண்டு பொத்தான்கள்: இந்தச் சுற்றை விட்டுக்கொடுக்க 'விலகு', அதே அளவு கட்டி அவன் சீட்டைத் திறக்க வைக்க 'பார்'. முப்பது விநாடி ஓடத் தொடங்கியது.

மேசையின் பச்சைத் துணி என் கண்ணுக்குள் மெல்ல விரிந்தது. அதன் நடுவே வில்லைக் குவியல் இல்லை, ஒரு கோப்பை இருந்தது. பால் கலந்த தேநீர் அதற்குள் சத்தமில்லாமல் ஏறியது. ஊற்றுகிற கை மட்டும் தெரிந்தது. என் கையா, அவன் கையா என்று தெரியவில்லை.

இருபது விநாடி.

நல்ல சீட்டு வந்தபோதெல்லாம் அவன் அரைக் கோப்பைதான் ஊற்றினான். கொஞ்சமாகக் கட்டி என்னை உட்கார வைத்தான். இப்போது விளிம்புவரை. எங்கள் வீட்டுத் தேநீரில் வளர்ந்த கை அது. போ என்கிறது. போ என்று விரட்டுகிறவனிடம் சீட்டு இருக்காது.

ஆனால் 'பார்' என்று அழுத்தி ஜெயித்தால் அவன் போய்விடுவான். விலகினால் இன்னும் கொஞ்ச நேரம் எதிரே இருப்பான். விரல் 'விலகு' மேல் போய் நின்றது.

எட்டு விநாடி.

அன்று அவனும் இப்படித்தான் விலகினான். நிறைந்த கோப்பையைப் பார்த்து, நிஜமாகவா அண்ணி என்று ஒரு வார்த்தை கேட்காமல். ஒருத்தராவது கேட்க வேண்டாமா?

'பார்' அழுத்தினேன்.

அவன் சீட்டுகள் திரும்பின. ராணி, பத்து. எதோடும் சேராத வெறும் சீட்டு.

'மேசை மூட அறுபது விநாடி' என்று எழுத்து வந்தது.

"ஒரே ஒரு ஏழு ஜோடிய வச்சுக்கிட்டா பாத்தீங்க? மூளைய உப்புல ஊறப் போட்டிருக்கீங்களா?" என்றான்.

"முழுக் கோப்பை ஊத்தினே. நீ என்னைப் போகச் சொல்றதா தெரிஞ்சது. நான் போகல."

நானே தொடர்ந்து தட்டினேன்.

"அன்னைக்கு நான் ஊத்தினது போகச் சொல்லி இல்லடா முக்காதா. கண்ணு தெரியல."

மூன்று புள்ளிகள் துடித்தன. நின்றன. மறுபடி துடித்தன.

"அண்ணி?"

"ம்."

"அழுதுக்கிட்டா ஊத்தினீங்க?"

"ஆமா."

 பிறகு வெறும் எண்கள் வந்தன: அவனுடைய புதுப் போன் எண். பேனா தேடிப் பார்த்தேன், இல்லை. ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் எழுதினேன். கடைசி எண்ணை எழுதும்போது மேசை மறைந்தது. எண்களின் வழியாக வெள்ளை ஏரி தெரிந்தது.

"கண்ணாடில என்னடி கிறுக்குறே?" எர்போல் எழுந்து உட்கார்ந்திருந்தார். "யாரு நம்பர்?"

நான் திரும்பினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது.

"பேரை எடுக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

"எடுக்கலைங்க. நான் எடுக்கவும் கூடாது. முக்காதனோடது."

அவர் காலைத் தரையில் ஊன்றினார். பிறகு எழுந்து வந்து கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி நின்றார். முதல் எண்ணிலிருந்து ஒரு துளி கீழே இறங்கத் தொடங்கியிருந்தது.

"இது ஏழா, ஒண்ணா? வழியுது பாரு" என்று கைப்பேசியைத் துழாவினார். "சீக்கிரம் சொல்லித் தொலையேன்!"