பூட்டைக் கழற்றச் சொன்னவள்

தொலோமுஷ் என்ற பெரியவரை மருத்துவமனையில் என் அறைக்குக் கூட்டி வந்த அன்று ஜன்னலில் மலை தெரியவில்லை. காலையில் இருந்தது. மதியத்துக்குள் வெள்ளையாக ஏதோ ஒன்று இறங்கி வந்து அதை விழுங்கிவிட்டது.

கூட வந்தவர்கள் இரண்டு பேர்: மூத்த மகன் ஜிர்கால், இளைய மருமகள் புருல்சா. அவள் கணவன் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய்விட்டதால் பெரியவரைப் பார்த்துக்கொள்வது அவள் மட்டும்தான்.

"பேரு?" என்று கேட்டேன். புருல்சா தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் ஊர்ப்பக்கம் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டாள். ஜிர்கால் சொன்னான். சொன்ன கையோடு ஆரம்பித்தும்விட்டான்.

"இவ எங்கப்பாவ உள்ள வெச்சு வெளியில பூட்டு போடுறா டாக்டரம்மா. ஆட்டைக்கூட எவனும் பகல்ல பூட்டி வைக்கமாட்டான்."

"ரெண்டு தடவ கிளம்பிப் போயிட்டாரு அத்தான். ஆத்தங்கரையில வெறுங்காலோட நின்னாரு. அப்ப பனி விழல. இப்ப விழுதே."

"ஆயுசு பூரா ஆடு மேச்ச மனுஷன். உன் அடுப்படியச் சுத்திக்கிட்டு கெடக்கணுமா?"

புருல்சா என் பக்கம் திரும்பினாள். "மறதி நோய்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க டாக்டரம்மா. நீங்க எழுதிட்டா ஊரு என்னைத் திட்டாது. பூட்டு இருக்கட்டும்."

ஆறு வருடம் மருத்துவம் படித்தேன். மறதி நோய்க்கு ஒரே ஒரு வகுப்பு நடந்தது, அதுவும் புத்தாண்டு விடுமுறைக்கு முந்தின நாள். பாதிப் பேர் ஊருக்குப் பேருந்து ஏறியிருந்தார்கள். மீதிப் பேரில் நானும் ஒருத்தி, மேசைக்கடியில் நாவல் படித்துக்கொண்டிருந்தேன். இந்த மருத்துவமனையில் மறதியைச் சோதிக்கும் கேள்வித்தாள்கூடக் கிடையாது. அதனால் நானே ஒரு சோதனையைக் கண்டுபிடித்தேன். அப்போது எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"தாத்தா, உங்க ஏழு தலைமுறையச் சொல்லுங்க பாப்போம்."

எங்கள் குழந்தைகள் நடக்கப் பழகியதும் கற்பது அதைத்தான். அப்பா, அப்பாவின் அப்பா, அப்படியே மேலே ஏழு பெயர்கள். நான் ஐந்தாவதில் தடுமாறுவேன். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏழு பெயரையும் ஒரே மூச்சில் சொன்னார். நிறுத்தவில்லை, பன்னிரண்டு வரை போனார்.

"போதுமா மகளே? இன்னும் வேணுமா?"

ஜிர்கால் தொடையில் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன்.

புருல்சாவைக் காட்டி, "இது யாரு தாத்தா?" என்றேன்.

"இவளத் தெரியாதா? நல்லா டீ போடுவா." பிறகு குரலைத் தாழ்த்தி, "குதிரைக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று கேட்டார். வந்ததிலிருந்து அது மூன்றாவது முறை.

"அந்தக் குதிரைய வித்து இருவது வருஷம் ஆச்சு" என்றாள் புருல்சா.

"மேய்ப்பனுக்குக் குதிரை நெனப்பு வராம, கழுதை நெனப்பா வரும்?" என்றான் ஜிர்கால்.

அவள் யார் என்று அவர் சொல்லவேயில்லை. அது என் காதில் விழுந்தது, ஆனால் மனதில் விழவில்லை. 'நினைவாற்றல் நன்று, வயதுக்குரிய தளர்ச்சி' என்று எழுதினேன். பூட்டைக் கழற்றிவிடச் சொன்னேன். புருல்சா கீழே குனிந்து, அவர் பூட்ஸின் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, பகல் பதினொரு மணிக்கு நர்ஸ் ரக்கிமா என் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். "உங்க பன்னெண்டு தலைமுறைக்காரரக் காணோமாம்."

நான் போனபோது அவர்கள் வீட்டுக் கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பூட்டு ஆணியில் தொங்கியது. பூட்ஸ் இருந்தது, கோட்டு இருந்தது. தண்ணீர் வாளி மட்டும் இல்லை. புருல்சா மாவு வாங்கக் கடைக்குப் போய் வந்த நேரம்தான். கால் தடம் ஆற்றை நோக்கிப் போனது. ஆற்றோரக் காற்று பனியை வாரிப் போட்டதில் போகப் போக ஆழம் குறைந்து, ஓரிடத்தில் வெறும் பனியானது.

ஆட்கள் பரவி நின்று கூப்பிட்டார்கள். "அப்பா!" என்றான் ஜிர்கால். "பெரியவரே!" என்றார்கள் மற்றவர்கள். பத்தடிக்கு அப்பால் வெள்ளை.

புருல்சா என் கையைப் பிடித்தாள். "அப்பான்னா யாருன்னு அவருக்குத் தெரியாது டாக்டரம்மா. பெரியவருன்னாலும் தெரியாது."

பிறகு முன்னால் ஓடி, வாயருகே இரண்டு கைகளையும் குவித்து, அத்தனை ஆண்களுக்கும் நடுவில் கத்தினாள்.

"தொலோமுஷ்! ஏய், தொலோமுஷ்!"

எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

ஆற்றுப் பக்கமிருந்து, வாளி ஒன்று உறைந்த பரப்பில் மோதும் சத்தம் ஒரு முறை வந்தது. நாங்கள் அந்தத் திசையில் ஓடினோம். மறுபடி அது கேட்கவில்லை.