முன் வலது சக்கரம்

சாயங்கால மோட்டார் வகுப்பில் நீலகண்டன் வாத்தியார் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டார். அதன் விளிம்பைக் கவ்விப் பிடிப்பதுபோல இரண்டு கட்டைகளை வரைந்தார்.

"இதுதான் டிஸ்க் பிரேக். அம்பாசிடர்ல இருக்குற டிரம் மாதிரி மூடியிருக்காது. தட்டு வெளியிலயே தெரியும். கட்டை ரெண்டும் தட்டக் கவ்வினாத்தான் வண்டி நிக்கும். எண்ணெய், மெழுகு எது பட்டாலும் வழுக்கிடும்."

செல்வநாதனின் பேனா அப்படியே நின்றது.

காலையில்தான் அவன், பிரெஞ்சுப் பாணியில் ஊரார் முசியே என்று கூப்பிடும் அருளானந்தத்தின் கார்ச் சக்கரங்களுக்கு மெழுகு பூசிவிட்டு வந்திருந்தான்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபத்தைந்து வருடம் இருந்துவிட்டு, போன வருடம்தான் அருளானந்தம் காரைக்காலுக்குத் திரும்பியிருந்தார். கூடவே கப்பலில் அந்தக் காரும் வந்தது. ஓட்டுகிறவர் இடப்பக்கம் உட்கார வேண்டும். சக்கரங்கள் இரும்பு இல்லை, வெள்ளி போல மின்னும் அலாய் வீல். ஆனால் பிரேக் கட்டை தேய்ந்து உதிர்கிற கருந்தூள் ஒரு வாரத்தில் முன்சக்கரங்களில் அப்பிவிடும். வெயிலில் இறுகிப்போனால் சோப்புக்கும் அசையாது. பட்டறையில் செல்வநாதனோடு வேலை பார்க்கும் மருதையன் ஒருநாள் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்துவிட்டான். வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. அருளானந்தம் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

"அங்கல்லாம் வீலுக்கு மெழுகு பூசி வெச்சிருவாங்க. தூள் ஒட்டாது, தண்ணி ஊத்துனா போயிரும்" என்று அவர்தான் ஒருமுறை சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டான் செல்வநாதன். மாதா கோவிலில் மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை உபதேசியாரிடம் கேட்டு வாங்கி உருக்கி, அடுப்பிலிருந்து தள்ளி வைத்து, டர்பன்டைன் கலந்து, சக்கரத்தின் ஒரே ஒரு ஆரத்தில் பூசிப் பதினைந்து நாள் பார்த்தான். தினமும் நோட்டில் எழுதினான். ஈரத்துணி பட்டதும் அந்த ஆரத்தில் மட்டும் தூள் வழித்துக்கொண்டு வந்தது. அதன் பிறகுதான் இன்று நான்கு சக்கரத்துக்கும் பூசினார்கள். வலப்பக்கம் அவன், இடப்பக்கம் மருதையன். மாலை ஆறு மணிக்கு அருளானந்தம் மனைவியோடு வேளாங்கண்ணிக்குப் புறப்படுகிறார்.

நோட்டைப் புரட்டினான். 'பளபளப்பான பாகம் அனைத்தும், இரண்டு பூச்சு' என்று எழுதி, பக்கத்தில் சரிக்குறியும் போட்டிருந்தான். அனைத்தும் என்றால்? ஆரங்களுக்கு நடுவே உள்ளே ஒரு தட்டு பளபளத்தது நினைவிருந்தது. அதில் கை வைத்தோமா? வைத்த மாதிரியும் இருந்தது, வைக்காத மாதிரியும் இருந்தது. விரல்களை மோந்து பார்த்தான். டர்பன்டைன் வாடைதான் வந்தது. அது எதையும் சொல்லவில்லை.

மணி ஐந்து நாற்பது.

போன மாதம்தான் சக்கர நட்டுகளைச் சரியாக முடுக்கினோமா என்ற சந்தேகத்தில், கடைத்தெருவில் ஓடிப்போய் அதே காரை வழிமறித்திருந்தான். எல்லா நட்டும் கல்லு மாதிரி இருந்தது. "இன்னொரு தடவ இப்படி நடுரோட்டுல நிறுத்துனா, அப்புறம் என் வண்டியத் தொடாத" என்று அருளானந்தம் சொல்லியிருந்தார். அந்த ஊரில் அவன் கற்றுக்கொள்ள அப்படி ஒரு வண்டி வேறு கிடையாது.

வாத்தியாரிடம் சொல்லிக்கொண்டு, சைக்கிளைப் பட்டறைக்கு மிதித்தான்.

"மருதண்ணே, உள்ள ஒரு தட்டு இருந்துச்சே, அதுல பூசினீங்களா?"

மருதையன் கை கழுவிக்கொண்டிருந்தான். "போன மாசம் நட்டு, இந்த மாசம் தட்டா? ஏன்டா, நீ ராத்திரி தூங்குறியா, இல்ல கண்ண மூடுனமா மூடலயான்னு எந்திரிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கியா?"

"பூசினீங்களாண்ணே?"

"இடுக்குல கைய விட எனக்கு என்னா தலையெழுத்து? மேலாப்புல தடவிட்டு வந்துட்டேன். நீதான் ஒண்ணு விடாம செய்யுற ஆளு."

செல்வநாதன் சைக்கிளைத் திருப்பினான். மருதையன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறொன்றும் கேட்காமல் பின்னால் ஏறிக்கொண்டான்.

அருளானந்தம் வீட்டு வாசலில் கார் இல்லை. வேலை செய்யும் காசியம்மா கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தாள். "இப்பத்தான் போறாங்க. காத்துப் புடிக்கணும்னு பெட்ரோல் பங்குக்குப் போனாங்க."

பாலத்துக்கு முன்னால் இருந்த பங்கில் கார் நின்றது. அருளானந்தம் காற்றுக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். செல்வநாதனைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"வந்துட்டியா? இப்ப என்னா மறந்த?"

"முசியே, பிரேக் தட்டுல மெழுகு பட்டிருக்கலாம். பாக்காம போவாதீங்க."

"பட்டிருக்கலாம்னா? பட்டிருக்கா, இல்லையா?"

"தெரியலைங்க."

உள்ளேயிருந்த அவர் மனைவி சலோமி சிரித்தாள். "போன தடவயும் இதத்தான சொன்ன?"

செல்வநாதன் சட்டைக் கையை மடித்துக்கொண்டான். முதலில் இடப்பக்க முன்சக்கரத்துக்குப் போய் ஆரங்களின் நடுவே விரலை விட்டான். வறண்ட இரும்பு. மருதையன் சொன்னது உண்மை. "போதுமா?" என்றார் அருளானந்தம். போதும் என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்துவிடும் என்று ஒரு கணம் தோன்றியது. எழுந்து வலப்பக்கம் போனான். விரலை விட்டதும் வழுக்கியது. வெளியே எடுத்தபோது விரல் நுனியில் கருப்பாய்க் குழைந்த மெழுகு.

அதை அவர் முன்னால் நீட்டினான். "இது நான் பூசினதுங்க. மருதண்ணன் பூசல."

அருளானந்தம் அந்த விரலைப் பார்த்தார். பிறகு மெல்லக் குழாயைக் கீழே வைத்தார். "வீட்டுலேருந்து வரும்போது பிரேக் அடிச்சா இடப்பக்கமா இழுத்துச்சு. டயர்ல காத்து கொறச்சல்னுல்ல நினைச்சேன்."

சலோமி சிரிப்பதை நிறுத்திவிட்டுக் காரை விட்டு இறங்கினாள்.

பின்சக்கரங்களில் மூடிய டிரம்தான். ஜாக்கி போட்டு முன் வலது சக்கரத்தைக் கழற்றினார்கள். பெட்ரோல் நனைத்த துணியால் தட்டைத் துடைத்து, கட்டைகளை எடுத்து உப்புத்தாளில் தேய்த்து, மறுபடி துடைத்து, வெள்ளைத் துணியில் கறை ஏறாதவரை துடைத்து மாட்டினார்கள். அருளானந்தம் பங்குக்குள்ளேயே மூன்று முறை ஓட்டி, அழுத்தி நிறுத்திப் பார்த்தார். நேராக நின்றது.

"சரியாயிடுச்சுல்ல?"

"ஆயிடுச்சுன்னுதான் நினைக்கிறேங்க."

"நினைக்கிறியா?" அருளானந்தம் பின்கதவைத் திறந்துவிட்டார். "ஏறு. நீ நினைச்சத நம்பி நாங்க ரெண்டு பேரு போறோம், நீயும் வா."

"சைக்கிள்?"

"நான் ஓட்டிட்டுப் போறேன்டா" என்றான் மருதையன். "பூட்டுனமா இல்லையான்னு நாகூர்லேருந்து திரும்பி வந்துராத."

சலோமி மாதாவுக்கு ஏற்ற வாங்கியிருந்த மெழுகுவர்த்திப் பொட்டலத்தை அவன் மடியில் வைத்தாள். கார் பாலத்தில் ஏறி இறங்கியது. எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. அருளானந்தம் பிரேக்கை மிதிப்பதற்கு முன்பே, பின்சீட்டில் செல்வநாதனின் வலது கால் தரையை அழுத்தியது. கார் நேராக வேகம் குறைந்து, வண்டிக்கு வழிவிட்டு நகர்ந்தது. நிரவி தாண்டி அடுத்த வளைவு வந்தபோது, கால் மறுபடியும் தானாகத் தரையை அழுத்தியது.